மதிப்பெண்ணுக்கு முன்னால் தேதி: அமெரிக்க கிராஃப்ட் பீர் கேள்வி–பதில்

அமெரிக்கச் சிறு ஆலைகளின் பீரைச் சுவைப்பது, மதிப்பிடுவது பற்றி மதுரை வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு இம்முறை பதில். 21 வயது நிறையாதவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிவிடலாம்.

கே: கலிபோர்னியாவில் இருக்கும் மகன் அடுத்த மாதம் ஊருக்கு வருகிறான். "நல்ல பீரா நாலஞ்சு கொண்டு வரட்டுமாப்பா?" என்று கேட்கிறான். எத்தனை கொண்டு வரலாம்? எதைச் சொல்லி அனுப்புவது? இந்த வெயிலில் எப்படி வைப்பது?
– வாசகர், கே.கே. நகர், மதுரை

ப: முதலில் சுங்கக் கணக்கு. ஒரு பயணி தீர்வையில்லாமல் கொண்டுவரக்கூடிய மது மொத்தம் 2 லிட்டர். பீரும் அதற்குள் அடக்கம். அமெரிக்காவின் 12 அவுன்ஸ் பாட்டில் என்பது 355 மி.லி. அதில் ஐந்து என்றால் 1775 மி.லி. ஆறாவதை நுழைத்தால் 2130 ஆகிவிடும், தீர்வை கட்ட வேண்டியதுதான். 16 அவுன்ஸ் டின் 473 மி.லி.; அதில் நான்கு, 1892 மி.லி. கைப்பையில் 100 மி.லி.க்கு மேற்பட்ட திரவம் ஏறாது என்பதால் எல்லாம் செக்-இன் பெட்டியில்தான் வர வேண்டும்.

பாட்டிலைவிட டின் நல்லது. எடை குறைவு, உடையாது, வெளிச்சம் புகாது. ஒவ்வொன்றையும் தனித்தனி ஜிப் கவரில் போட்டு, துண்டிலோ ஜீன்ஸிலோ சுற்றி, பெட்டியின் நடுவில் வைக்கச் சொல்லுங்கள். ஓரத்தில் வைத்தால் பெட்டியைத் தூக்கி எறிகிற இடத்தில் அடி நேராக விழும். மேலே பறக்கும்போது வெடித்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். சரக்கு அறையிலும் காற்றழுத்தம் உண்டு.

எதைக் கொண்டுவருவது என்பதில் பலரும் பெயரைப் பார்த்து ஏமாறுகிறார்கள். "அங்கே எல்லாரும் வரிசையில் நின்று வாங்குகிறார்கள்" என்று ஹேஸி ஐ.பி.ஏ. (கலங்கலான, வாசனை தூக்கலான 'இந்தியா பேல் ஏல்') டின்னை அள்ளிக்கொண்டு வருவார்கள். பயணத்துக்குக் கொஞ்சமும் ஒத்துவராத வகை அதுதான். அதன் உயிரே ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) வாசனை. ஆக்சிஜனும் வெப்பமும் முதலில் தின்பது அதைத்தான். கெட்டுப்போன ஹேஸி பழுப்பாகி, சில சமயம் ஊதா கலந்த அழுக்கு நிறத்துக்குப் போய்விடும். பழக்கூழ் சேர்த்த புளிப்பு பீர் டின்கள் இன்னும் ஆபத்து. பாஸ்டரைஸ் செய்யாமல், பழச் சர்க்கரை மிச்சமிருக்க அடைத்திருந்தால், சூட்டில் மறுபடி நொதித்து டின் வெடிக்கும். "எப்போதும் குளிரில் வைக்கவும்" என்று டின்னில் போட்டிருந்தால் அதை அங்கேயே குடித்துவிட்டு வரட்டும்.

பயணம் தாங்குபவை இவை: சியரா நெவாடா பேல் ஏல் (5.6%), டெஷூட்ஸ் ஆலையின் பிளாக் பியூட் போர்ட்டர் (வறுத்த வாசனையுள்ள கறுப்பு பீர்), அலகாஷ் ஒயிட் (5.2%), ஏதாவது ஒரு இம்பீரியல் ஸ்டவுட் (ஆல்கஹால் கூடிய கறுப்பு பீர்). சிகாகோ கூஸ் ஐலண்டின் போர்பன் கவுண்டி ஸ்டவுட் போல போர்பன் விஸ்கிப் பீப்பாயில் ஊறியது கிடைத்தால் அது வருடக்கணக்கில் தாங்கும். ஐ.பி.ஏ. வேண்டும் என்றால் ஒன்றே ஒன்று, அடைத்து மூன்று வாரத்துக்குள் இருப்பது, வந்த வாரமே திறப்பது.

வைப்பதற்கு ஆலைக்காரர்கள் மனதில் வைத்திருக்கும் ஒரு கணக்கு உண்டு: 3, 30, 300. ஒரே பீர் 32 டிகிரியில் 3 நாளில் அடையும் முதுமையை 22 டிகிரியில் 30 நாளில் அடையும், 3 டிகிரியில் 300 நாளில் அடையும். துல்லியமான விஞ்ஞானம் அல்ல, ஆனால் மதுரைச் சித்திரைக்கு இதைவிட நல்ல எச்சரிக்கை கிடையாது. மே மாதத்தில் மின்விசிறி ஓடும் அறையே 34, 35 டிகிரி இருக்கும். விமான நிலையத்திலிருந்து வரும்போது டிக்கியில் பெட்டியை வைத்துவிட்டு, வழியில் வெயிலில் காரை நிறுத்திச் சாப்பிடப் போவதுதான் பெரிய கொலை. மூடிய காருக்குள் 50 டிகிரியைத் தாண்டும். பெட்டியைத் திறந்ததும் ஃபிரிட்ஜின் உள்தட்டில், நிமிர்த்தி வையுங்கள். கதவுத் தட்டு வேண்டாம். ஃபிரீசர் கூடவே கூடாது. 5% பீர் மைனஸ் 2, 3 டிகிரியிலேயே உறையத் தொடங்கி டின்னை உப்பவைத்துவிடும். கரண்ட் இரண்டு மணி நேரம் போய் வந்தால் பாதகமில்லை, ஃபிரிட்ஜைத் திறக்காமல் இருந்தால் போதும்.

கே: உறவினர் கொடுத்த டின்னின் அடியில் 04/07/25 என்று இருக்கிறது. இன்னொன்றில் வெறும் 5123. இதெல்லாம் என்ன?
– வாசகர், உசிலம்பட்டி

ப: முதலாவது ஜூலை 4 அல்ல, ஏப்ரல் 7, 2025. அமெரிக்கர்கள் மாதத்தை முன்னால் எழுதுவார்கள். இந்த ஒரு குழப்பத்தில் மூன்று மாதம் பழைய ஐ.பி.ஏ.வைப் புதிது என்று நினைத்து, பிறகு ஆலையைத் திட்டுகிறவர்கள் நிறைய.

அதைவிட முக்கியம் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது. 'பேக்கேஜ்ட் ஆன்', 'கேன்ட் ஆன்', 'பாட்டில்ட் ஆன்' என்றால் அடைத்த நாள். 'பெஸ்ட் பை', 'என்ஜாய் பை' என்றால் அதற்குள் குடிக்க வேண்டிய நாள். ஆலைக்கு ஆலை அந்தக் கெடு மூன்று மாதமாகவும் இருக்கும், ஆறு மாதமாகவும் இருக்கும். எதுவும் எழுதாமல் தேதி மட்டும் இருந்து, அது கடந்துபோன தேதியானால் பெரும்பாலும் அடைத்த நாள்தான்; வரப்போகிற தேதியானால் கெடு.

5123 என்பது ஆண்டின் கடைசி இலக்கமும் நாள் எண்ணும் சேர்ந்தது. 5 என்றால் 2025. 123-ஆம் நாள் என்றால் ஏப்ரல் முடிய 120, ஆக மே 3. சில ஆலைகள் நாளை முன்னால் போட்டு ஆண்டைப் பின்னால் போடும். கடைசி மூன்று இலக்கம் 366-ஐத் தாண்டினால் திருப்பிப் படியுங்கள்.

கெடு நாமே வைத்துக்கொள்வதானால்: ஹேஸி ஐ.பி.ஏ. அடைத்து 6 முதல் 8 வாரம், சாதாரண ஐ.பி.ஏ., பேல் ஏல் 3 மாதம், லாகர் (குளிரில் நொதிக்கவைக்கும் பீர்) 4 முதல் 6 மாதம், போர்ட்டர் அதைவிடக் கொஞ்சம் கூட, 10 சதவீதத்துக்கு மேற்பட்ட ஸ்டவுட்டும் பார்லிவைனும் (ஆல்கஹால் மிகுந்த ஏல்) பல ஆண்டு. எல்லாம் குளிரில் வைத்திருந்தால் மட்டும்.

கே: 'கிராஃப்ட்' என்று யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாமா?
– வாசகர், மேலூர்

ப: லேபிளில் போடத் தடையில்லை. அங்குள்ள சிறு ஆலைகளின் சங்கமான ப்ரூவர்ஸ் அசோசியேஷன் வைத்திருக்கும் அளவுகோல் இது: ஆண்டு உற்பத்தி 60 லட்சம் பேரலுக்குள் (ஒரு பேரல் சுமார் 117 லிட்டர்), கிராஃப்ட் அல்லாத மதுக் கம்பெனியின் பங்கு 25 சதவீதத்துக்குக் கீழ். கூஸ் ஐலண்டை 2011-ல் பெரிய பீர் கம்பெனியான ஆன்ஹைசர்-புஷ் வாங்கியதால் அந்தக் கணக்கில் அது கிராஃப்ட் இல்லை. ஆனால் மதிப்பெண் போடுகிறவருக்கு முதலாளி யார் என்பது தேவையில்லாத விஷயம். கிளாஸில் இருப்பதுதான் விஷயம்.

கே: சுவைத்துப் பார்ப்பது எப்படி என்று படிப்படியாகச் சொல்லுங்கள். எவர்சில்வர் டம்ளர் போதுமா?
– வாசகர், தல்லாகுளம்

ப: எவர்சில்வர் போதாது. நிறமும் நுரையும் தெரியாது. வாய் சற்றுக் குறுகிய கண்ணாடி கிளாஸ் வேண்டும். ஒயின் கிளாஸ் ஒன்று இருந்தால் எல்லா வகைக்கும் அதுவே போதும்.

கிளாஸ் கழுவுவதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். நம் வீட்டுச் சமையலறையில் எண்ணெய் காற்றிலேயே மிதக்கும். பாத்திரம் தேய்க்கும் அதே ஸ்பாஞ்சைக் கிளாஸுக்கும் போட்டால் எண்ணெய்ப் படலம் ஒட்டிக்கொண்டு நுரையைக் கொன்றுவிடும். தனி ஸ்பாஞ்ச், வாசனையில்லாத சோப்புத் திரவம் அல்லது சமையல் சோடா, வெந்நீர், பிறகு இரண்டு முறை அலசல். கடைசி அலசல் கேன் தண்ணீரிலோ ஆர்.ஓ. தண்ணீரிலோ இருக்கட்டும், போர் தண்ணீர் காய்ந்தால் உப்புப் படியும், குளோரின் தூக்கலான குழாய்த் தண்ணீர் மருந்து வாசனையை விட்டுப் போகும். துணியால் துடைக்காமல் கவிழ்த்துக் காயவிடுங்கள். சுத்தமா என்று பார்க்க, ஈரமான கிளாஸின் உள்ளே தூள் உப்பைத் தூவுங்கள். உப்பு சீராக ஒட்டினால் சுத்தம்; அங்கங்கே வழுக்கினால் அங்கே எண்ணெய் இருக்கிறது. பீர் ஊற்றியபின் கிளாஸ் சுவரில் குமிழி கொத்தாக ஒட்டிக்கொண்டு நிற்பதும் அழுக்கின் அடையாளம்.

அடுத்தது குளிர். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த 3, 4 டிகிரியில் மூக்கும் நாக்கும் வேலை செய்யாது. லாகருக்கு 4 முதல் 7 டிகிரி, பேல் ஏல், ஐ.பி.ஏ.வுக்கு 7 முதல் 10, ஸ்டவுட்டுக்கு 10 முதல் 13. மதுரை அறைச் சூட்டில் ஃபிரிட்ஜை விட்டு வெளியே எடுத்த ஐந்து நிமிடத்தில் ஐ.பி.ஏ. தயார், பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் ஸ்டவுட் தயார். அமெரிக்கப் புத்தகங்களில் அரை மணி நேரம் என்று எழுதியிருப்பது அவர்கள் ஊருக்கு. கிளாஸை ஃபிரீசரில் வைத்து உறையவைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

கிளாஸை 45 டிகிரி சாய்த்து, பாதிவரை சுவரை ஒட்டி ஊற்றி, பிறகு நிமிர்த்தி நடுவில் விடுங்கள். இரண்டு விரல் நுரை எழ வேண்டும். நுரைக்குப் பயந்து சாய்த்தே முழுதும் ஊற்றினால் வாசனை எழாது, வாயு முழுதும் வயிற்றுக்குப் போகும். சுவைத்தேர்வுக்கு 60 முதல் 90 மி.லி. போதும்.

நுரை அடங்குவதற்குள் முதல் மோப்பம். கிளாஸை மூக்குக்கு அருகே கொண்டுபோய் இரண்டு மூன்று குட்டி மூச்சு; நீளமாக ஒரே மூச்சில் இழுத்தால் மூக்கு களைத்துவிடும். தோன்றியதை உடனே எழுதுங்கள், கந்தக வாசனை போன்றவை அரை நிமிடத்தில் பறந்துவிடும். பிறகு நிறம், தெளிவு, நுரை நிற்கும் நேரம். மறுபடி மோப்பம்: உள்ளங்கையால் கிளாஸை மூடி இரண்டு சுழற்று சுழற்றி, கையை எடுத்ததும் முகருங்கள். மூக்கு மந்தமானால் உங்கள் முழங்கையின் உள்மடிப்பை முகர்ந்துவிட்டு வாருங்கள், சரியாகிவிடும்.

இப்போது ஒரு வாய். நாக்கு முழுதும் படரவிட்டு விழுங்கி, மூக்கு வழியாக மூச்சை வெளியே விடுங்கள். ஒயின்காரர்கள்போலத் துப்பக்கூடாதா என்று கேட்பார்கள். விழுங்கியபின் தொண்டையில் நிற்கும் கசப்பு எவ்வளவு நேரம், எப்படி அடங்குகிறது என்பது பீருக்கு முக்கியமான மதிப்பெண். அதனால்தான் நடுவர்கள் சிறு அளவாக விழுங்குகிறார்கள். கசப்பை நாக்கின் பின்பக்கம் மட்டுமே உணரும் என்ற பள்ளிக்கூடப் படம் தவறு. எல்லாப் பகுதியும் உணரும்.

அறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மல்லிகைச் சரம் தொங்கும் சாமி படத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஹாப்ஸ் வாசனை தேட முடியாது. ஊதுபத்தி, சாம்பிராணி, சென்ட், தலைவலித் தைலம் எதுவும் வேண்டாம். வெற்றிலை பாக்கு போட்டால் குறைந்தது இரண்டு மணி நேரம் சுவைப்பதை மறந்துவிடுங்கள். காப்பிக்கு ஒரு மணி நேரம். இடையில் வாய் கழுவ, குளிராத தண்ணீரும் உப்பில்லாத பொரியும் போதும். பேக்கரி பன்னில் இனிப்பு இருக்கும், வேண்டாம்.

கே: நண்பர்கள் போனில் 5-க்கு 4.25 என்றெல்லாம் போடுகிறார்கள். முறையாக மதிப்பெண் போடுவது எப்படி?
– வாசகர், திருப்பரங்குன்றம்

ப: ஐந்து நட்சத்திரம் பொழுதுபோக்குக்கு. எதற்காக 4.25, எதற்காக 4 இல்லை என்று கேட்டால் போட்டவருக்கே பதில் தெரியாது. 1985-ல் அமெரிக்காவில் தொடங்கிய பி.ஜே.சி.பி. என்ற பீர் நடுவர் அமைப்பின் 50 மதிப்பெண் தாள்தான் வேலைக்கு ஆகும். வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் தரும் உணர்வுக்கு (கனம், வாயு, துவர்ப்பு, ஆல்கஹால் சூடு) 5, மொத்த மனப்பதிவுக்கு 10. தோற்றத்துக்கு மூன்றே மதிப்பெண் என்பதைக் கவனியுங்கள். அழகான நிறத்தைப் பார்த்து மயங்கி மற்றதிலும் தாராளமாகப் போடுவது புதியவர்களின் வழக்கம்.

கூட்டுத்தொகை 45 அல்லது அதற்கு மேல் என்றால் உலகத் தரம். 38 முதல் 44 மிக அருமை, 30 முதல் 37 நன்று, 21 முதல் 29 பரவாயில்லை ரகம், 14 முதல் 20 குறையுள்ளது, அதற்குக் கீழே பெரிய பழுது.

இந்தத் தாளின் சாரம், பீரை அதன் வகையோடு ஒப்பிடுவது. அமெரிக்கன் பேல் ஏல் என்றால் 4.5 முதல் 6.2% ஆல்கஹால், 30 முதல் 50 கசப்பு அலகு (ஐ.பி.யு.), வெளிர் தங்கம் முதல் லேசான செம்பு நிறம், ஹாப்ஸ் முன்னால், மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) தாங்கிப் பிடிக்கும் அளவுக்குப் பின்னால். அதில் வறுத்த காப்பி வாசனை வந்தால் உங்களுக்குப் பிடித்திருந்தாலும் மதிப்பெண் குறையும். கசப்பே பிடிக்காதவர் டபுள் ஐ.பி.ஏ.வுக்கு (கசப்பும் ஆல்கஹாலும் இன்னும் கூடியது) கசப்புக்காகக் குறைக்கக் கூடாது. "எனக்குப் பிடித்ததா" என்பதைத் தாளின் ஓரத்தில் தனியாக எழுதுங்கள், கூட்டாதீர்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு. சியரா நெவாடா பேல் ஏல், கலிபோர்னியாவின் சீகோ ஊரில் 1980 முதல் காய்ச்சப்படுவது, காஸ்கேட் ஹாப்ஸ், 38 அலகு கசப்பு. அடைத்து ஒரு மாதம், குளிரில் வந்தது என்று வையுங்கள்: வாசனை 10, தோற்றம் 3, சுவை 17, வாயுணர்வு 4, மனப்பதிவு 8, மொத்தம் 42. அதே பீர் எட்டு மாதமாகி, பாதி நாள் அலமாரியில் கிடந்தது: ஹாப்ஸ் வாசனை மங்கி, தேனும் காகிதமுமாக அடிக்கும். வாசனை 5, தோற்றம் 3, சுவை 11, வாயுணர்வு 4, மனப்பதிவு 5, மொத்தம் 28. பதினான்கு மதிப்பெண் போனது ஆலையின் கையால் அல்ல. மதுரையில் உட்கார்ந்து அமெரிக்க பீருக்கு மதிப்பெண் போடுகிறவர் பீரின் பெயருக்குப் பக்கத்திலேயே அடைத்த தேதி, வந்த வழி, திறந்த தேதி மூன்றையும் எழுதியாக வேண்டும். அவை இல்லாத 28-ஐ யாருக்கும் காட்டாதீர்கள்.

கே: ஒன்று நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி, இன்னொன்று வெண்ணெய் மாதிரி. எது பழுது, எது இயல்பு? கண்டுபிடிக்கப் பழகுவது எப்படி?
– வாசகர், வாடிப்பட்டி

ப: நனைந்த அட்டை, பழைய நோட்டுப் புத்தகம்: ஆக்சிஜன் ஏறிய முதுமை. காரணப் பொருளின் பெயர் டிரான்ஸ்-2-நானெனல். நம் ஊருக்கு வந்துசேரும் வெளிநாட்டு பீரில் அதிகம் பார்ப்பது இதைத்தான். திருத்த வழியில்லை. ஆனால் இம்பீரியல் ஸ்டவுட்டில் முதுமை பேரீச்சம்பழம், உலர்திராட்சை வாசனையாக வந்தால் அது குறையல்ல, அதற்காகத்தான் வைக்கிறார்கள்.

வெண்ணெய், பட்டர் பிஸ்கட், நாக்கில் வழுவழுப்பு: டயசெட்டில். ஈஸ்ட் இதை உண்டாக்கி, கடைசியில் தானே தின்று தீர்க்கும். அவசரமாகக் குளிரவைத்து ஈஸ்டைத் தூங்கவைத்துவிட்டால் மிச்சம் நிற்கும். பார்களில் குழாய் பீரில் இது வந்தால் ஆலையைச் சந்தேகிக்குமுன் கழுவாத குழாயைச் சந்தேகியுங்கள். கிருமியும் இதை உண்டாக்கும்.

வெந்த மக்காச்சோளம், முட்டைக்கோஸ்: டி.எம்.எஸ். வெளிர் மால்ட்டிலிருந்து வருவது; திறந்து நன்றாகக் கொதிக்கவைத்தால் ஆவியோடு போகும், மூடிக் கொதிக்கவைத்தால் உள்ளேயே தங்கும். லாகரில் துளி இருந்தால் மன்னிக்கலாம், ஐ.பி.ஏ.வில் இருக்கவே கூடாது. பச்சை ஆப்பிள் வாசனை அசிட்டால்டிஹைடு: நொதித்தல் முடியுமுன் ஈஸ்டிலிருந்து பிரித்துவிட்டார்கள். காடி என்றால் அசிட்டிக் கிருமி, கூடவே காற்று.

'ஸ்கங்க்' (நாற்றமடிக்கும் ஒரு அமெரிக்க விலங்கு) வாசனைக்குத் தனிக் கதை. ஹாப்ஸின் கசப்புப் பொருளை வெளிச்சம் உடைத்து 3-எம்.பி.டி. என்ற கந்தகப் பொருளாக்கும். பழுப்புப் பாட்டில் பெருமளவு தடுக்கும், பச்சையும் வெள்ளையும் தடுக்காது. மில்லர் ஹை லைஃப் வெள்ளைப் பாட்டிலில் இருந்தும் நாறாததற்குக் காரணம், வெளிச்சம் உடைக்க முடியாதபடி மாற்றிய ஹாப்ஸ் சாற்றை அவர்கள் பயன்படுத்துவது.

கிராம்பும் வாழைப்பழமும் ஜெர்மன் வீட் (கோதுமை) பீரில் இயல்பு. அமெரிக்க வீட் பீரில் அவை வரக்கூடாது, அங்கே ஈஸ்ட் வேறு. அலகாஷ் ஒயிட்டில் வரும் மசாலா வாசனைக்குப் பெல்ஜிய ஈஸ்டோடு, சேர்க்கும் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் காரணம்.

பழக, வாசனையில்லாத சாதாரண லாகர் ஒரு பாட்டில் வாங்கி ஐந்து கிளாஸில் நூறு நூறு மி.லி.யாகப் பிரியுங்கள். ஒன்று அப்படியே இருக்கட்டும், அதுதான் ஒப்பீடு. ஒன்றில் பட்டர் எசென்ஸ், ஒன்றில் வாழைப்பழ எசென்ஸ், ஒன்றில் வெள்ளை வினிகர் கால் டீஸ்பூன், ஒன்றில் டின் ஸ்வீட் கார்ன் தண்ணீர் ஒரு டீஸ்பூன். எசென்ஸைப் பாட்டிலிலிருந்து நேரே விட்டால் ஒரு துளியே நூறு மி.லி.யை நாசமாக்கும். ஒரு டேபிள்ஸ்பூன் தண்ணீரில் ஒரு துளி கலந்து, அந்தத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக, 'ஏதோ இருக்கிறது' என்று தோன்றும்வரை சேருங்கள். வெளிச்சப் பழுதுக்குச் செலவே இல்லை: பச்சைப் பாட்டில் லாகரை மொட்டை மாடி வெயிலில் அரை மணி நேரம் வைத்து, குளிரவைத்து, வெயில் படாத இன்னொன்றோடு ஒப்பிடுங்கள்.

நல்ல வாசனைகளுக்கும் மூக்கைத் தயார் செய்ய வேண்டும். காஸ்கேட் ஹாப்ஸுக்குக் கிரேப்ஃப்ரூட் என்று எழுதுவார்கள். பம்பளிமாஸ் தோலைக் கிள்ளி முகருங்கள், அதே குடும்பம். சிம்கோவுக்குக் கொடைக்கானல் பைன் காட்டு ஊசியிலையைக் கசக்கினால் போதும். சிட்ராவுக்கு அங்கே விற்கும் பேஷன் ஃப்ரூட்டும் பழுத்த மாம்பழமும். கிரிஸ்டல் மால்ட் என்பது முறுகத் தொடங்கும் வெல்லப்பாகு. ஸ்டவுட்டின் கறுப்பு மால்ட், தீய வறுத்த காப்பிக்கொட்டையும் கருப்பட்டியும். "பழ வாசனை" என்று மட்டும் எழுதினால் அடுத்த மாதம் அது உங்களுக்கே உதவாது; மாம்பழமா, கொய்யாவா, காயா பழமா என்று எழுதுங்கள்.

கே: ஐ.பி.யு. 100 என்றால் 50-ஐவிட இரட்டிப்புக் கசப்பா?
– வாசகர், சோழவந்தான்

ப: இல்லை. அது கசப்புப் பொருள் லிட்டருக்கு ஏறக்குறைய எத்தனை மில்லிகிராம் என்ற அளவு மட்டுமே. மிச்சமிருக்கும் மால்ட் இனிப்பு அதை மறைக்கும். 60 அலகு இம்பீரியல் ஸ்டவுட், 45 அலகு வறண்ட ஐ.பி.ஏ.வைவிட மென்மையாகத் தெரியலாம். எண்ணைப் பார்த்து மதிப்பெண் போடாதீர்கள்.

கே: கறிதோசை, சுக்கா வறுவலோடு எந்த பீர் சரி?
– வாசகர், சிம்மக்கல்

ப: மதிப்பெண் போடும் வேளையில் எதுவும் வேண்டாம். மிளகாய்க் காரம் கசப்பையும் ஆல்கஹால் எரிச்சலையும் தூக்கிக் காட்டும், ஐ.பி.ஏ.வுக்கு அநியாயமாகக் குறைத்துவிடுவீர்கள். பீர் காரத்தைத் தணிக்கும் என்பதும் தவறு, வாயு எரிச்சலைக் கூட்டவே செய்யும்.

தாள்களை மூடி வைத்தபின் சாப்பிடுவதானால்: கறிதோசைக்கு மால்ட் இனிப்புள்ள லாகர், உதாரணம் சாமுவேல் ஆடம்ஸ் பாஸ்டன் லாகர். சுக்காவின் முறுகலுக்கு போர்ட்டர் பொருந்தும், வறுத்ததோடு வறுத்தது சேரும். சால்னாவில் ஊறிய பரோட்டாவுக்குப் பேல் ஏல் வரை போகலாம், டபுள் ஐ.பி.ஏ. வேண்டாம். அயிரை மீன் குழம்பின் புளிக்கு ஹாப்ஸ் கசப்பு ஒத்தே வராது, வாயில் உலோகம் கடித்த மாதிரி நிற்கும். ஒயிட் ஏல் (அலகாஷ் ஒயிட் போல) இருந்தால் பாருங்கள், இல்லையென்றால் மீனைத் தனியாகச் சாப்பிடுவதே மரியாதை.

கே: நாங்கள் ஆறு பேர், ஆறு வகை பீர் இருக்கிறது. பெயர் தெரியாமல் சுவைத்து மதிப்பெண் போட வேண்டும். எப்படி நடத்துவது அண்ணே?
– வாசகர், அண்ணா நகர், மதுரை

ப: ஒரு டின் ஆறு பேருக்குப் போதும் தம்பி. 473 மி.லி.யில் ஆளுக்கு 75 மி.லி. வைத்தால் 450, 355 மி.லி. பாட்டிலில் ஆளுக்கு 55. ஆறு வகையும் முடிய ஒருவர் 450 மி.லி.க்குள் நிற்பார். சராசரி 7% என்றால் சுமார் 25 கிராம் ஆல்கஹால். அமெரிக்கக் கணக்கில் ஒரு 'டிரிங்க்' 14 கிராம். வண்டி ஓட்டும் சட்ட வரம்பு 100 மி.லி. ரத்தத்தில் 30 மில்லிகிராம், இந்த அளவே அதைத் தாண்டவைக்கும். வரும்போதே ஆட்டோவில் வாருங்கள்.

சுவைக்காத ஒருவர், ஏழாவது ஆள், வேறு அறையில் ஊற்றித் தர வேண்டும். டின்னைக் காகிதத்தில் சுற்றினாலும் வடிவம் காட்டிக்கொடுக்கும். கிளாஸுக்கு அடியில் எண் ஒட்டுங்கள். 1, 2, 3 வேண்டாம், முதல் எண்ணுக்கு மனசு சாயும். 417, 268 மாதிரி தாறுமாறான மூன்று இலக்கம் நல்லது.

வரிசை, நிறத்தை வைத்து அல்ல, கசப்பையும் ஆல்கஹாலையும் வைத்து. போர்ட்டர் கறுப்பாக இருக்கிறதே என்று கடைசிக்குத் தள்ளுவார்கள், 5.5% போர்ட்டர் 7% ஐ.பி.ஏ.வுக்கு முன்னால் வர வேண்டும். ஒயிட் ஏல், லாகர், போர்ட்டர், பேல் ஏல், ஐ.பி.ஏ., இம்பீரியல் ஸ்டவுட் என்று போனால் ஒன்று அடுத்ததை அமுக்காது. ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம். தாளை எழுதி முடிக்கும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. ஒருவர் "மாம்பழம்" என்று சொல்லிவிட்டால் ஆறு தாளிலும் மாம்பழம் வந்துவிடும். பிறகு படித்துக் காட்டி, இருவருக்கிடையே 7 மதிப்பெண்ணுக்கு மேல் வித்தியாசம் வந்தால் மட்டும் மறுபடி ஒரு வாய் வைத்துப் பேசுங்கள்.

"எனக்கு வித்தியாசம் தெரியும்" என்று அடித்துப் பேசுகிறவர் இருந்தால் மூன்று கிளாஸ் வையுங்கள், இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு. தனியானதைக் காட்டச் சொல்லுங்கள். குருட்டாம்போக்கில் சரியாகும் வாய்ப்பு மூன்றில் ஒன்று, ஆகவே ஒரு தடவை சரியாகச் சொன்னதைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஆறு தடவையில் ஐந்து சரியானால் ஒத்துக்கொள்ளலாம்.

கே: வீட்டிலேயே காய்ச்சிப் பார்க்கலாமா? இல்லையென்றால் புதிதாகக் குடிக்க எங்கே போவது?
– வாசகர், அலங்காநல்லூர்

ப: கூடாது. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம், சொந்த உபயோகத்துக்கு என்றாலும். அமெரிக்காவில் அதிபர் கார்ட்டர் 1978-ல் கையெழுத்திட்ட சட்டம் வீட்டுக்கு ஆண்டுக்கு 200 காலன் வரை அனுமதித்தது. இன்றைய சிறு ஆலைக்காரர்கள் பலர் அந்த வீட்டு அடுப்பிலிருந்து வந்தவர்கள்தான். இங்கே அந்த வழி இல்லை.

பெங்களூருவில் ஆலையோடு சேர்ந்த பார்கள் உண்டு. மிச்சிகனின் ஆன் ஆர்பரில் பிறந்த ஆர்பர் ப்ரூயிங் கம்பெனி 2012-ல் அங்கே கிளை திறந்தது. ஹேஸி ஐ.பி.ஏ. எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள, கடல் தாண்டி மூன்று மாதத்தில் வந்த புகழ்பெற்ற டின்னைவிட, போன வாரம் அங்கே தொட்டியிலிருந்து எடுத்தது நல்ல பாடம். போனால் எந்தத் தேதியில் தொட்டிக்கு வந்தது என்று கேளுங்கள். சுவைக்கவென்று சிறு கிளாஸ் வரிசை தருவார்கள். அதில் ஹாப்ஸ் மிகுந்ததைக் கடைசிக்கு நகர்த்தி வைத்துக்கொள்வது உங்கள் பொறுப்பு, பரிமாறுகிறவர் பெரும்பாலும் நிறப்படி அடுக்கித்தான் கொண்டுவருவார்.

கே: பாட்டிலின் அடியில் வண்டல் இருக்கிறது. தூக்கிப் போட்டுவிடவா?
– வாசகர், திருமங்கலம்

ப: வேண்டாம். சியரா நெவாடா பேல் ஏல் போன்றவை பாட்டிலுக்குள்ளேயே ஈஸ்ட் போட்டு வாயு ஏற்றப்படுபவை. அடியில் மெல்லிய படிவு இருக்கும். ஒரு நாள் முழுதும் நிமிர்த்தி ஃபிரிட்ஜில் வைத்து, கடைசி ஒரு விரல் உயரத்தைப் பாட்டிலிலேயே விட்டு ஊற்றுங்கள். வண்டல் திரிதிரியாக மிதந்து, மூடியைத் திறந்ததும் நுரை தானாகப் பொங்கி வழிந்து, வாசனையும் புளித்தால் மட்டும் கீழே கொட்டுங்கள்.